லிப்யுவியின் ஃபைல் அடுக்கு: அரிசி ஆலைக் கணக்குக்குத் தாங்குமா?

மன்னார்குடிப் பக்கம் ஒரு நவீன அரிசி ஆலையை எடுத்துக்கொள்வோம். எடைமேடை அறையில் விண்டோஸ் கணினி. அலுவலகத்தில் உபுண்டு லினக்ஸ் போட்ட பழைய டெஸ்க்டாப். வருஷக் கணக்கு பார்க்கும் ஆடிட்டர் கையில் மேக். எடைமேடையின் சீரியல் போர்ட்டைப் படிக்கச் சி மொழியில் எழுதிய நிரல் மூன்றிலும் ஓட வேண்டும். சீரியல் போர்ட்டில் வராத தொல்லை ஃபைல் பெயரில் வரும். "குறுவை கொள்முதல்.சிஎஸ்வி" என்ற ஃபைலை, சி மொழியில் ஃபைல் திறக்கும் ஃபங்ஷனான எஃப்ஓபன் வைத்துத் திறக்கச் சொன்னால் உபுண்டு திறக்கும், மேக் திறக்கும், விண்டோஸ் கையை விரிக்கும்.

காரணம் எளியது. விண்டோஸில் சாதாரண எஃப்ஓபன், கொடுத்த பைட்டுகளை அந்தக் கணினியின் "ஆன்ஸி" கோட் பேஜ் (எந்த பைட் எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணை) வழியாகத்தான் படிக்கும். ரஷ்ய மொழிக்கு 1251, கிரேக்கத்துக்கு 1253, தாய் மொழிக்கு 874 என்று ஆளுக்கொரு பக்கம் உண்டு. தமிழுக்கு அப்படி ஒன்று கிடையவே கிடையாது. விண்டோஸில் தமிழ் பிறந்ததிலிருந்தே யுனிகோடு மட்டும்தான். அதனால் கன்ட்ரோல் பேனலில் மொழியைத் தமிழாக மாற்றினாலும் பயனில்லை. கட்டளை வரியில் வரும் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக மாறி நிரலுக்குள் நுழையும். கேள்விக்குறியோ விண்டோஸ் ஃபைல் பெயரில் வரவே கூடாத குறி. ரஷ்யாக்காரரும் கிரேக்கரும் தங்கள் ஊர்க் கணினியில் இந்தச் சிக்கலைப் பார்க்காமலே காலம் தள்ளலாம். தஞ்சாவூரில் எழுதுகிறவருக்கு முதல் நாளே முட்டும்.

ஆகவே ஃபைல் தொடர்பான ஃபங்ஷன்களுக்கு மேல் ஒரு ரேப்பர், அதாவது அவற்றை உள்ளே வைத்து அழைக்கும் உறை, போட்டே ஆக வேண்டும். அதைக் கையால் எழுதலாம், அல்லது ஏற்கெனவே எழுதி வைத்த ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இங்கே எடைபோடப் போவது லிப்யுவி என்ற நூலகத்தின் ஃபைல் பகுதியை மட்டும். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸுக்கு அடியில் ஓடுவது இதுதான். 1.0 பதிப்பு 2014இல் வந்தது. எம்ஐடி உரிமம், காசு கிடையாது, விற்கும் மென்பொருளில் சேர்த்தாலும் மூலநிரலைத் திறந்து காட்டவேண்டிய கட்டாயம் இல்லை. நெட்வொர்க், டைமர், நிகழ்வுக்காகக் காத்திருந்து வேலையைப் பிரித்துக் கொடுக்கும் ஈவன்ட் லூப் எல்லாம் இதில் உண்டு. ஆலைக் கணக்குக்கு அவை எதுவும் தேவையில்லை, ஆனால் கூடவே வந்துவிடும்.

நிறுவுவதில் சிரமம் இல்லை. உபுண்டுவில் லிப்யுவி1-டெவ் பொட்டலம், மேக்கில் ஹோம்ப்ரூ, விண்டோஸில் எம்எஸ்ஒய்எஸ்2 அல்லது விசிபிகேஜி. டைனமிக் ஆகவும் ஸ்டேட்டிக் ஆகவும் இணைக்கலாம். எடைமேடைக் கணினிக்கு ஸ்டேட்டிக்தான் நல்லது, டிஎல்எல் காணவில்லை என்று ராத்திரி பத்து மணிக்குப் போன் வராது. ஆனால் ஸ்டேட்டிக் ஆக இணைக்கும்போது விண்டோஸில் வின்சாக் முதலான ஏழெட்டு சிஸ்டம் நூலகங்களையும் லிங்கர் வரியில் சேர்க்க வேண்டும். கைப்பட மேக்ஃபைல் எழுதுகிறவர்கள் இங்கே ஒரு மணி நேரம் இழப்பார்கள். சிமேக்கில் ஸ்டேட்டிக் இலக்கைக் கேட்டால் அதுவே சேர்த்துக்கொள்ளும்.

முதல் நல்ல செய்தி: ஈவன்ட் லூப்பைத் தொடவே வேண்டாம். யுவி_எஃப்எஸ்_ஓபன் முதலான எல்லா ஃபைல் ஃபங்ஷனுக்கும் கடைசி அளவுரு ஒரு கால்பேக், அதாவது வேலை முடிந்ததும் நூலகம் திருப்பி அழைக்கும் ஃபங்ஷன். அந்த இடத்தில் நல் என்ற வெற்று மதிப்பைக் கொடுத்தால் வேலை அங்கேயே முடிந்து விடை கையில் வரும். முதல் அளவுருவான லூப்புக்கும் நல் போதும். ஒத்தை நிரலாக மேலிருந்து கீழே ஓடும் கணக்கு மென்பொருளுக்கு இது சரியான வசதி.

இரண்டாவது, எல்லா இடத்திலும் பாதை யுடிஎஃப்-8தான், அதாவது யுனிகோடைப் பைட்டுகளாக எழுதும் முறை. விண்டோஸில் உள்ளே போய் யுடிஎஃப்-16 ஆக்கி, அகல எழுத்து ஏபிஐயைத்தான் அழைக்கும். திறப்பது, அழிப்பது, பெயர் மாற்றுவது, ஃபோல்டரைப் பட்டியலிடுவது எல்லாமே அப்படித்தான். நடப்பு ஃபோல்டர், வீட்டு ஃபோல்டர், டெம்ப் ஃபோல்டர், நிரல் இருக்கும் இடம் ஆகியவற்றைக் கேட்கும் ஃபங்ஷன்களும் யுடிஎஃப்-8லேயே பதில் சொல்கின்றன. பயனரின் பெயரே தமிழில் இருக்கும் விண்டோஸ் கணினியில் இதன் அருமை தெரியும்.

மூன்றாவது, அளவு. விண்டோஸில் 64 பிட் நிரலிலும் லாங் என்பது 32 பிட்தான். ஃபைலில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று சொல்லும் எஃப்டெல், 2 ஜிபியைத் தாண்டினால் தடுமாறும். ஃபைலின் விவரங்களைத் தரும் லிப்யுவியின் ஸ்டாட் அமைப்பில் அளவு எப்போதும் 64 பிட். கண்காணிப்பு கேமரா பதிவையும் சேர்த்து பேக்கப் எடுக்கும் நிரலுக்கு இது முக்கியம், சிஎஸ்விக்கு அல்ல.

நான்காவது, விண்டோஸிலும் லிப்யுவி ஃபைலை எப்போதும் பைனரியாகவே திறக்கும். வரி முடிவை யாரும் உங்கள் முதுகுக்குப் பின்னால் மாற்றமாட்டார்கள். உபுண்டுவில் எழுதிய ஃபைலின் செக்சம் விண்டோஸில் எழுதியதோடு ஒத்துப்போகும். எக்செல்லில் திறக்கும் சிஎஸ்வி என்றால் முதல் மூன்று பைட்டாக பிஓஎம் குறியை நீங்களே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் எக்செல் அதை யுடிஎஃப்-8 என்று அறியாமல் விவசாயி பெயரையெல்லாம் பிரெஞ்சு எழுத்துக் குப்பையாகக் காட்டும். பழி நிரல் மேல்தான் விழும்.

இனி பொறிகள். கையேட்டில் எல்லாம் இருக்கிறது, ஆனால் கண்ணில் படாத இடத்தில்.

ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும், அது எடுத்த நினைவகத்தை விடுவிக்கும் யுவி_எஃப்எஸ்_ரெக்_க்ளீனப் அழைக்க வேண்டும். கால்பேக் இல்லாமல் அழைக்கும்போது லினக்ஸிலும் மேக்கிலும் நூலகம் பாதையை நகலெடுப்பதில்லை, நீங்கள் கொடுத்த பாயின்டரையே வைத்துக்கொள்ளும். அதனால் திறப்பது, பெயர் மாற்றுவது போன்றவற்றில் க்ளீனப்பை மறந்தாலும் ஒன்றும் ஒழுகாது. நினைவக ஒழுகலைத் தேடும் கருவியான வால்கிரைண்ட், சுத்தம் என்று சான்றிதழ் தரும். விண்டோஸில் யுடிஎஃப்-16 பாதைக்கு ஒவ்வொரு தடவையும் நினைவகம் ஒதுக்கப்படுகிறது. எடைமேடையில் காலை முதல் இரவு வரை நிமிடத்துக்கு நாலு தடவை ஃபைலைத் தொடும் நிரல் அங்கே மட்டும் வீங்கும். சோதனை உபுண்டுவில், ஒழுகல் விண்டோஸில். இதைத் தவிர்க்க ஒரே வழி, லிப்யுவி அழைப்பைப் பிற நிரல் ஃபைல்களில் எழுதவே கூடாது என்று விதி வைத்துக்கொண்டு, அழைப்பையும் க்ளீனப்பையும் ஒரே ரேப்பருக்குள் கட்டிவிடுவது.

அடுத்தது யுவி_பஃப் அமைப்பு. லினக்ஸில் முதலில் முகவரி, பிறகு நீளம். விண்டோஸில் முதலில் நீளம், பிறகு முகவரி. வளைவு அடைப்புக்குள் வரிசையாக மதிப்பைப் போட்டு நிரப்பினால் ஒரு பக்கம் ஓடும், மறுபக்கம் விழும். யுவி_பஃப்_இனிட் ஃபங்ஷனையே பயன்படுத்துங்கள். எழுதும் அழைப்பு கேட்டதைவிடக் குறைவான பைட்டுகளை எழுதிவிட்டுத் திரும்பலாம் என்பதையும் மறக்கக் கூடாது. மீதியை எழுத லூப் போட வேண்டியது நம் பொறுப்பு.

ஃபைலை உருவாக்கும்போது மோட் என்ற அளவுருவைச் சிலர் "விண்டோஸில் இதற்கென்ன வேலை" என்று 0 வைத்துவிடுவார்கள். வேலை இருக்கிறது. எழுதும் அனுமதி பிட் இல்லையென்றால் லிப்யுவி அந்த ஃபைலை ரீட்-ஒன்லியாக உருவாக்கும். முதல் தடவை எழுதும், மறுநாள் காலை அதே ஃபைலை எழுதத் திறந்தால் ஈபெர்ம், அதாவது அனுமதி இல்லை என்ற பிழை. எட்டடிமான 0644 கொடுத்துவிட்டால் மூன்றிலும் பிரச்சினை இல்லை.

பிழை எண்களை ஒரே அச்சில் வார்த்துக் கொடுப்பது இந்த நூலகத்தின் பெரிய பலம். எல்லாம் எதிர்மறை எண்கள், பெயரும் விளக்கமும் கேட்டுப் பெறலாம். ஆனால் அச்சு முழுக்கப் பொருந்தவில்லை. அனுமதி மறுக்கப்பட்டால் லினக்ஸ் பெரும்பாலும் ஈஆக்சஸ் சொல்லும். விண்டோஸின் "ஆக்சஸ் டினைட்" லிப்யுவியில் ஈபெர்ம் ஆக வருகிறது. வேறு நிரல் ஃபைலைப் பிடித்துக்கொண்டிருந்தால் ஈபிஸி. ஆலைக்காரர் அதே சிஎஸ்வியை எக்செல்லில் திறந்து வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போயிருப்பார். அதன் மேல் பெயர் மாற்றப் போனால் ஈபெர்மும் வரலாம், ஈபிஸியும் வரலாம். திரையில் "அனுமதி இல்லை" என்று காட்டினால் அவர் அட்மினைக் கூப்பிடுவார். "இந்த ஃபைல் எக்செல்லில் திறந்திருக்கிறதா பாருங்கள்" என்று காட்டினால் மூடிவிட்டு வேலையைப் பார்ப்பார். ரேப்பரில் இந்த மூன்றையும் ஒரே வகையாகச் சேர்த்துவிடுவது புத்திசாலித்தனம். வைரஸ் தடுப்பு மென்பொருள் கண்ணிமைக்கும் நேரம் ஃபைலைப் பிடித்து விடுவதும் உண்டு. அதற்காக விண்டோஸில் மட்டும் 50, 100, 200, 400 மில்லிவினாடி என்று இடைவெளி விட்டு நாலைந்து தடவை முயன்றுவிட்டுப் பிறகு பயனரிடம் சொல்லுங்கள்.

கட்டளை வரியை லிப்யுவி காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். யுவி_செட்டப்_ஆர்க்ஸ் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, ஆனால் விண்டோஸில் அது வந்ததை வந்தபடியே திருப்பித் தரும். தமிழ் அதற்குள் கேள்விக்குறியாகிவிட்டது. அகல எழுத்து மெயினை எழுதி, நீங்களே யுடிஎஃப்-8 ஆக்கிக்கொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னது இயங்குதளச் சிக்கல். இவற்றில் முக்கால் பங்கை லிப்யுவி தீர்க்கிறது. தமிழ்ப் பெயர்ச் சிக்கலை அது தொடுவதே இல்லை, தொடுவேன் என்று சொல்லவும் இல்லை. கல்லணையில் தண்ணீர் விட்டுவிட்டார்கள், கிளை வாய்க்காலைத் தூர்வாருவது நம் பாடு என்பது போலத்தான்.

"கொள்முதல்" என்ற சொல்லின் முதல் எழுத்தையே பாருங்கள். "கொ" என்பதை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு ஒகரக் குறியை ஒரே எண்ணாகச் சேர்ப்பது ஒன்று. க, ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று மூன்றாகப் பிரித்து வைப்பது மற்றொன்று. திரையில் இம்மியும் வித்தியாசம் தெரியாது. பைட்டில் முதலாவது 6, இரண்டாவது 9. லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் இவை இரண்டு வெவ்வேறு ஃபைல்கள், ஒரே ஃபோல்டரில் அருகருகே இருக்கும். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ், வந்த பெயரைப் பிரித்துத்தான் வட்டில் வைக்கும். இப்போதைய ஏபிஎஃப்எஸ் வந்தபடியே வைத்துக்கொண்டு, தேடும்போது இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும். பழைய மேக் வட்டிலிருந்து ஜிப் ஆகி உபுண்டுவுக்கு வந்த "கொள்முதல்" ஃபைலை நிரல் தேடினால் ஈநோஎன்ட், அதாவது இல்லை என்று பதில் வரும். ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் கண்ணெதிரே இருக்கும்.

நல்லவேளை, தமிழில் இப்படிச் சேரும் ஜோடிகள் நான்கே நான்கு. ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்து ஒகரக் குறி. இரட்டைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்து ஓகாரக் குறி. ஒற்றைக்கொம்பும் ஔகார நீட்டல் குறியும் சேர்ந்து ஔகாரக் குறி. "ஒ"-வும் அதே நீட்டல் குறியும் சேர்ந்து "ஔ". மற்ற மொழிப் பெயர்கள் வராது என்றால் இந்த நான்கையும் சேர்க்கும் ஃபங்ஷனை நாற்பது வரியில் எழுதிவிடலாம். வரும் என்றால் யுடிஎஃப்8ப்ராக் என்ற சின்ன நூலகம் என்எஃப்சி, அதாவது யுனிகோடு சொல்லும் சேர்த்து எழுதும் வடிவம் தரும்.

என்எஃப்சி தீர்க்காத ஒன்றும் உண்டு, அது "ஸ்ரீ". ஸ-வில் தொடங்கி எழுதும் விசைப்பலகையும் இருக்கிறது, ஶ-வில் தொடங்கி எழுதுவதும் இருக்கிறது. யுனிகோடு பார்வையில் இவை சமம் அல்ல. ஸ்ரீரங்கம், ஸ்ரீவாஞ்சியம் என்று ஊர்வாரியாக ஃபைல் வைப்பவர்கள் இதற்கென்று தனியாக ஒரு மாற்று வரி சேர்க்க வேண்டும். "ஔ"-வுக்குப் பதில் ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டுவதும், கண்ணுக்குத் தெரியாத இணைப்புத் தடைக் குறி நடுவில் ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு. ஒளவை, ஔவை சண்டை கணினி வரைக்கும் வந்துவிட்டது.

இங்கே செய்யக் கூடாத தவறு, வட்டில் இருக்கும் பெயரையே "திருத்தி" மாற்றுவது. பயனர் வேறு நிரலில் அதே ஃபைலைத் திறந்து வைத்திருப்பார். ஒவ்வொரு ஃபைலுக்கும் இரண்டு சரங்களை வைத்துக்கொள்ளுங்கள்: திறப்பதற்கு வட்டில் உள்ள பெயர் அப்படியே, ஒப்பிடுவதற்குச் சீராக்கிய சாவி. நேரடியாகத் திறந்து ஈநோஎன்ட் வந்தால் மட்டும் ஃபோல்டரைப் பட்டியலிட்டு, சாவியால் தேடி, கிடைத்த வட்டுப் பெயரால் திறப்பது.

நீளக் கணக்கும் தமிழுக்குத் தனி. லினக்ஸில் ஒரு பெயருக்கு எல்லை 255 பைட். விண்டோஸ் என்டிஎஃப்எஸ்ஸில் 255 யுடிஎஃப்-16 அலகு. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8ல் 3 பைட், யுடிஎஃப்-16ல் ஒரே அலகு. "நேரடி நெல் கொள்முதல் நிலையம் திருத்துறைப்பூண்டி" என்று ஒரு ஃபோல்டர் பெயர் வைத்தால் விண்டோஸ் கணக்கில் 47, லினக்ஸ் கணக்கில் 133. இத்தோடு பருவம், தேதி, ரகம், மூட்டை எண்ணிக்கை எல்லாவற்றையும் பெயரிலேயே ஒட்டவைக்கும் பழக்கம் நம் அலுவலகங்களில் உண்டு. 85 குறியைத் தாண்டினால் விண்டோஸில் பிறந்த ஃபைல் லினக்ஸில் நுழையாது. இதே கணக்கு மறுபக்கமும் கடிக்கும். விண்டோஸ் பாதை எல்லை 260 என்று படித்துவிட்டு 260 பைட் பஃபர் வைப்பவர்கள், அது யுடிஎஃப்-8 ஆகும்போது 780 வரை போகும் என்பதை விட்டுவிடுகிறார்கள். அந்த 260ஐத் தாண்ட வேண்டுமானால் \\?\ முன்னொட்டு வேண்டும், லிப்யுவி அதைத் தானாகச் சேர்ப்பதில்லை. முன்னொட்டு சேர்த்த பாதையில் முன்சாய்வுக் கோடு செல்லாது, பின்சாய்வு மட்டும்தான்.

பெயருக்குள் என்ன வரலாம் என்பதிலும் நூலகம் வாய் திறக்காது. ரசீது எண் "கு/118" என்று இருந்தால் மூன்று இயங்குதளத்திலும் "கு" என்ற ஃபோல்டரைத் தேடும். "எடை 10:30.சிஎஸ்வி" என்று நேரத்தைப் பெயரில் வைத்தால் லினக்ஸ் சும்மா ஏற்றுக்கொள்ளும். என்டிஎஃப்எஸ் இன்னும் மோசம், பிழை சொல்லாது. "எடை 10" என்று காலி ஃபைலை உருவாக்கி, மீதியை அதற்குள் மறைந்த ஸ்ட்ரீமாக எழுதும். எக்ஸ்ப்ளோரரில் 0 கேபி. பென்டிரைவில் நகல் எடுத்தால் தரவு போய்விடும். இன்னொன்று, முன்னெழுத்தைப் பெயருக்குப் பின்னால் எழுதும் வழக்கம். "முருகையன் ச." என்று ஃபோல்டர் உருவாக்கினால் கடைசிப் புள்ளியை விண்டோஸ் உதிர்த்துவிடும். புள்ளியோடு ஒருவர், புள்ளியில்லாமல் ஒருவர் என்று லினக்ஸில் இரண்டு ஃபோல்டர் இருந்தால் அங்கே ஒன்றாகக் கலந்துவிடும். சாய்வுக்கோடு, முக்காற்புள்ளி, கடைசிப் புள்ளி, கடைசி இடைவெளி, கான், நல், ஆக்ஸ், காம்1 போன்ற ஒதுக்கப்பட்ட ஆங்கிலப் பெயர்கள் எல்லாவற்றையும் லினக்ஸ் பதிப்பிலும் சேர்த்தே தடுத்துவிடுவதுதான் நிம்மதி. பெரிய எழுத்து, சின்ன எழுத்துத் தகராறு தமிழ்ப் பெயரில் கிடையாது என்பது ஒரு சின்ன ஆறுதல். ஆனால் பின்னொட்டு ஆங்கிலத்தில்தான் இருக்கும், அதை எப்போதும் சின்ன எழுத்தில் எழுதுங்கள்.

ஃபோல்டரைப் பட்டியலிடும் யுவி_எஃப்எஸ்_ஸ்கேன்டிர் புள்ளி, இரட்டைப் புள்ளி இரண்டையும் தானே விலக்கிவிடுகிறது, நல்ல பழக்கம். வரிசையை நம்பாதீர்கள். லினக்ஸில் பைட் வரிசையில் வரும். விண்டோஸில் வட்டு கொடுக்கும் வரிசை. பைட் வரிசையும் அகர வரிசை அல்ல. யுனிகோடில் ன-வுக்கு ந-வை அடுத்து இடம் கொடுத்துவிட்டார்கள். அதனால் மன்னார்குடி முன்னாலும் மயிலாடுதுறை பின்னாலும் வரும். நம் வரிசையில் ய முந்தி, ன கடைசி. புள்ளியும் உயிர்க்குறிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. பதினெட்டு மெய்க்கும் கிரந்தத்துக்கும் எடை போட்ட ஒரு சிறு அட்டவணையை ரேப்பரில் வைத்து, அதைக் கொண்டு வரிசைப்படுத்துவதுதான் வழி. பதிவின் வகை ஃபைலா ஃபோல்டரா என்பது சில ஃபைல் சிஸ்டங்களில் "தெரியாது" என்று வரும். அப்போது ஸ்டாட் அழைத்துக் கேட்க வேண்டும்.

மின்வெட்டுக்குத் தாங்கும் சேமிப்பு இந்தப் பகுதியில் ஆடம்பரம் அல்ல. ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது, யுபிஎஸ் பேட்டரியோ மாற்றி வருஷமாகியிருக்கும். லிப்யுவியில் "பத்திரமாகச் சேமி" என்று ஒரே அழைப்பு இல்லை, ஆனால் அதற்கான துண்டுகள் எல்லாம் இருக்கின்றன. அசல் ஃபைல் இருக்கும் அதே ஃபோல்டரில் தற்காலிக ஃபைலை, ஏற்கெனவே இருந்தால் தோற்கவேண்டும் என்ற கொடியோடு திறக்க வேண்டும். முழுவதும் எழுதி, எழுதியதை வட்டுக்குத் தள்ளும் எஃப்சிங்க் அழைத்து, மூடி, பிறகு அசல் பெயருக்கு மாற்ற வேண்டும். டெம்ப் ஃபோல்டரில் எழுதிவிட்டு நகர்த்தப் பார்த்தால், அது வேறு டிரைவாக இருக்கும்போது ஈஎக்ஸ்டெவ், அதாவது வேறு டிரைவுக்குப் பெயர் மாற்ற முடியாது என்று முறுக்கிக்கொள்ளும். எஃப்சிங்க்கைத் தாண்டிக் குதித்தால், கரண்ட் போய் வந்தபின் பெயர் புதிது, உள்ளே காலி என்ற நிலை வரலாம். லினக்ஸின் ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4 இதற்கு ஒரு தற்காப்பு வைத்திருக்கிறது, எல்லா ஃபைல் சிஸ்டத்திலும் அது இல்லை. மேக்கில் சாதாரண எஃப்சிங்க் வட்டின் கேஷ் வரைக்கும்தான் தள்ளும். லிப்யுவி அங்கே முழு எஃப்சிங்க்கைக் கேட்கிறது, அதைக் கவனித்து எழுதியவர்களுக்கு ஒரு சபாஷ். லினக்ஸில் பெயர் மாற்றிய பிறகு ஃபோல்டரையும் திறந்து ஒரு எஃப்சிங்க் போட வேண்டும். விண்டோஸில் அந்த ஒரு படி பிழை கொடுக்கும், அங்கே மட்டும் விட்டுவிடலாம்.

விண்டோஸில் பெயர் மாற்றம் ஏற்கெனவே இருக்கும் ஃபைலின் மேல் எழுதும்படி லிப்யுவி பார்த்துக்கொள்கிறது. சி நூலகத்தின் சாதாரண ரினேம் அங்கே "ஏற்கெனவே இருக்கிறது" என்று தோற்றுவிடும். முதலில் அழித்துவிட்டு மாற்றலாம் என்று பலர் எழுதுவார்கள். அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் கரண்ட் போனால் கணக்கே போச்சு.

பூட்டு விஷயத்தில் மதிப்பெண் குறைத்தே ஆக வேண்டும். தனியுரிமையோடு திறக்க யுவி_எஃப்எஸ்_ஓ_எக்ஸ்லாக் என்று ஒரு கொடி உண்டு. விண்டோஸிலும் மேக்கிலும் வேலை செய்யும். லினக்ஸில் அதன் மதிப்பு 0. கம்பைல் ஆகும், ஓடும், பூட்டு மட்டும் விழாது, எச்சரிக்கையும் வராது. இரண்டு பேர் ஒரே சமயத்தில் வரவு போடும் அலுவலகத்தில் இது விஷம். லினக்ஸில் யுவி_ஃபைல் என்பது சாதாரண ஃபைல் எண்தான், அதன் மேல் நேராக லினக்ஸின் பூட்டு அழைப்பான எஃப்லாக் போடலாம். அதை ரேப்பருக்குள் மறைத்துவிடுங்கள்.

நடுவில் உள்ள ஃபோல்டர்களையும் சேர்த்து உருவாக்குவது, ஃபோல்டரை உள்ளடக்கத்தோடு அழிப்பது, பாதைகளை ஒட்டுவது, இவை மூன்றும் இதில் இல்லை. ஆளுக்கு இருபது, முப்பது வரி.

மாற்று என்ன? திரை வரையும் ஜிடிகே நூலகத்துக்கு அடியில் இருக்கும் ஜிலிப் இந்த வேலையில் கூடுதலாகத் தரும். பத்திரச் சேமிப்பு ஒரே அழைப்பில், நடு ஃபோல்டர் உருவாக்கம், பாதை ஒட்டுதல், என்எஃப்சி எல்லாம் கையோடு உண்டு, விண்டோஸ் கட்டளை வரியை யுடிஎஃப்-8ல் தரவும் ஃபங்ஷன் இருக்கிறது. எல்ஜிபிஎல் உரிமம், விண்டோஸில் கூடவே நாலைந்து டிஎல்எல் சுமை. திரையும் ஜிடிகேயில்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஜிலிப்தான். அப்பாச்சியின் ஏபிஆரில் பூட்டு மூன்று தளத்திலும் ஒழுங்காக இருக்கிறது, ஆனால் நினைவகத்துக்கு அதன் பூல் முறையை (மொத்தமாக ஒதுக்கி மொத்தமாக விடுவிப்பது) பழக வேண்டும். கணினி விளையாட்டுகளுக்கான நூலகமான எஸ்டிஎல் 3, 2025 ஜனவரியில் நிலையான பதிப்பாக வந்தது. ஃபோல்டர் உருவாக்கம், பட்டியல், நகல் எல்லாம் எளிமை. பூட்டு கிடையாது. ஃபிஸ்எஃப்எஸ்ஸும் கணினி விளையாட்டு எழுதுகிறவர்களுக்கானது, எழுதுவதை ஒரே ஃபோல்டருக்குள் அடைத்துவிடும்.

நூலகமே வேண்டாம் என்றும் ஒரு வழி. விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்து, நிரலின் மேனிஃபெஸ்டில் (நிரலோடு சேர்க்கும் அமைப்புக் குறிப்பு) ஆக்டிவ் கோட் பேஜ் யுடிஎஃப்-8 என்று ஒரு வரி சேர்த்தால் சாதாரண எஃப்ஓபன் தமிழ்ப் பெயரைத் திறக்கும், கட்டளை வரியும் சரியாக வரும். எல்லா வாடிக்கையாளரும் அந்தப் பதிப்புக்கு மேல் என்று உறுதியாகத் தெரிந்தால், பத்து ஃபங்ஷன் கொண்ட சொந்த ரேப்பர் போதும், லிப்யுவி அதிகப்படி. உறுதியில்லை என்றால், அல்லது பின்னால் ஃபோல்டரைக் கண்காணிப்பது, பின்னணியில் பேக்கப் அனுப்புவது என்று வளரும் திட்டம் இருந்தால், லிப்யுவியை அடித்தளமாக வைத்து மேலே முந்நூறு வரி எழுதுங்கள். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். பூட்டுக் கொடி லினக்ஸில் மௌனமாக இருப்பதற்காக மட்டும் அரை மதிப்பெண் போனது.

ஒரு எச்சரிக்கை: லிப்யுவியின் புதிய பதிப்புகள் விண்டோஸ் 10க்குக் கீழே ஆதரவு தருவதில்லை. டெல்டாவில் எடைமேடை அறைகளில் விண்டோஸ் 7 இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. அப்படி ஒரு வாடிக்கையாளர் இருந்தால் மேனிஃபெஸ்ட் வழியும் அடைபடும், பழைய லிப்யுவிப் பதிப்பைப் பூட்டிவைத்துக் கட்ட வேண்டும்.

கட்டி முடித்ததும் சோதனையை ஒரு ஃபேட்32 பென்டிரைவில் வைத்து நடத்துங்கள், கணக்கு பெரும்பாலும் அதில்தான் பயணிக்கும். அங்கே மாற்ற நேரம் 2 வினாடித் துல்லியம்தான். "புதியதா பழையதா" என்று நேரத்தைச் சமமாக ஒப்பிட்டால் ஒவ்வொரு தடவையும் தவறாக நகலெடுக்கும், 2 வினாடி விட்டுக்கொடுத்து ஒப்பிட வேண்டும். ஃபைலுக்கு 4 ஜிபிக்கு மேல் இடமில்லை. சோதனைப் பெயர்களாக கொ, கோ, கௌ மூன்றும் பிரித்தும் சேர்த்தும், ஸ்ரீ இரண்டு விதத்திலும், 85 குறியில் ஒன்று, 86 குறியில் ஒன்று, கடைசியில் புள்ளியோடு ஒன்று, முக்காற்புள்ளியோடு ஒன்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான ஓட்டைகள் முதல் மாலையிலேயே தெரிந்துவிடும்.